ஐந்தாவது கையெழுத்து

“நாலுக்கு நாலு. இனி நிலக்சி வந்து கை வெச்சாத்தான் எந்தப் பாடத்துக்குக் கல்யாணம், எந்தப் பாடத்துக்குச் செத்தவீடு எண்டு தெரியும்” என்றான் சுபாகரன்.

“சும்மா கிட. விடியவெள்ளன செத்தவீடு எண்டு பறைஞ்சுகொண்டு” என்றாள் தக்ஷாயினி. அவள் கண் அறிவித்தல் பலகையை விட்டு நகரவில்லை.

2009ஆம் ஆண்டு தை மாதம். மட்டக்களப்பின் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்கள் ஒன்பது பேர். மூன்றாம் வருடத்தின் இரண்டாம் அரையாண்டுக்கு அவர்கள் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று செயற்பாட்டு ஆய்வு. எல்லோர் வாயிலும் அது ஓஆர். மற்றது படச் செயலாக்கம். அதை இமேஜ் என்றார்கள். பாடம் நடக்க ஐந்து கையெழுத்து வேண்டும். ஐந்து சேராவிட்டால் அந்தப் பாடம் இந்த வருடம் இல்லை. அதில் கையெழுத்து வைத்தவர்கள் பேசாமல் மற்றதற்குப் போய்விட வேண்டும். ஒன்பது பேருக்குள் இரண்டு ஐந்து கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்தோடு தாளைக் கழற்றிவிடுவார்கள்.

ஓஆர் தாளில் முதல் கையெழுத்து தக்ஷாயினியுடையது. அந்தப் பாடத்துக்குப் பேனையும் கடதாசியும் போதும். கணக்கில் அவளை வெல்ல வகுப்பில் ஆளில்லை. முந்தின அக்காமார் எழுதிய நோட்ஸ், மூன்று கொப்பி, அவள் பெட்டியில் ஏற்கெனவே இருந்தது. இமேஜ் அப்படியல்ல. நூற்றுக்கு அறுபது புள்ளி செயற்றிட்டத்துக்கு. கணினிக் கூடத்தை நாலு மணிக்குப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகும் குந்தியிருந்து செய்ய ஒரு கணினி வேண்டும். ஒன்பது பேரில் சொந்தமாகக் கணினி வைத்திருந்தவள் நிலக்சி மட்டும்.

இதுவரை வந்த புள்ளிகளில் நிலக்சியும் தக்ஷாயினியும் தோளுக்குத் தோள் நின்றார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்குப் பட்டம் முடிந்ததும் அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்குத்தான். ஓஆர் நடந்தால் அது தனக்கு, இமேஜ் நடந்தால் அது நிலக்சிக்கு என்று தக்ஷாயினி ஏழெட்டுத் தரம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள்.

“நீயும் அவளும் ஒரே அறை. ஒரு சொல்லுச் சொன்னா ஓஆரில வெச்சிடுவாள்” என்றான் சுபாகரன்.

“நான் ஏன் அவளிட்டக் கேக்க வேணும்?”

“கேக்க மாட்டாய். கேட்டா அவள் தந்திடுவாள். அதுதான் உனக்குப் பொறுக்காது.”

தக்ஷாயினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டு தேநீர்ச்சாலைப் பக்கம் போய்விட்டான்.

நிலக்சிக்குக் காய்ச்சல். திராய்மடுவில் தகப்பனிடம் போயிருந்தாள். அவள் கட்டிலில் அவளுடைய நீலப் பை கிடந்தது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பெயர் போட்ட பை. மேசையில் மடிகணினி, அதன் மூடியிலும் அதே பெயர். திராய்மடுவில் அவர்களுக்குக் கிடைத்த கல்வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு பெயர்ப்பலகை இருந்ததைத் தக்ஷாயினி கண்டிருக்கிறாள். 2004 சுனாமியில், நாவலடிக்குள் கடல் வந்த அன்று நிலக்சியின் தாயும் தங்கச்சியும் போனார்கள். நினைவுத்தூணில் இரண்டு பேருடைய பெயரும் வெட்டியிருக்கிறது. மார்கழி இருபத்தாறு வந்தால் வளாகத்தில் விளக்கேற்றி இரண்டு நிமிடம் நிற்பார்கள். எல்லோரும் நிலக்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தக்ஷாயினியும் நிற்பாள். அவளுடைய தகப்பன் செத்தது 2007இல், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து செல்லடிக்குத் தப்பி ஓடி வந்து அகதிக் கூடாரத்தில் இருந்த மூன்றாம் மாதம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் இருந்தபடி சாய்ந்தார். இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இயற்கையாகச் செத்தவருக்கு எந்தத் தூணில் பெயர் வெட்டுவது, எத்தனை நிமிடம் நிற்பது?

இப்படி நினைப்பது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தாயைக் கடலுக்குக் கொடுத்தவளைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை வருமா? வந்தது. இரண்டரை வருடமாக, ஒரே அறையில், ஒரே சுளகில் அரிசி கொழித்துக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள். மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை நின்று, வாவியைக் கடந்து, அரசடித்தீவு. கூரையில் அரைவாசி ஓலை, அரைவாசி கூடாரத்தில் இருந்து கொண்டுவந்த வெள்ளைத் தறப்பாள். தாய் இலட்சுமிப்பிள்ளை வாசலில் இருந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“வந்திட்டியா மனே. கிழமை நடுவில ஒருத்தன் வந்தவன், நிவாரணத்துக்கு நிரப்புற பாரங்களோட.”

“ஆர்?”

“ஆர் கண்ட. தொப்பி போட்ட பொடியன். ‘சுனாமியா, யுத்தமா?’ எண்டு கேட்டான். ‘யுத்தம் மனே’ எண்டன். ‘அது வேற பாரம் அம்மா, அது பிறகு வரும்’ எண்டிட்டுப் போயிட்டான்.”

“சுனாமி எண்டு சொல்லியிருக்கலாமே.”

“ஓம், வாவிக்கு இஞ்சால சுனாமி வந்தது எண்டு சொல்லு. சிரிப்பான்.” மீனைத் திருப்பிப்போட்டு மற்றப் பக்கம் செதில் உரித்தாள். “உன்ட கூட்டாளி, அந்த நாவலடிப் புள்ள, சுகமா?”

“காய்ச்சலாம்.”

“பாவம் புள்ள. தாயில்லாத புள்ள. ரெண்டு கருவாடு தாறன், கொண்டு குடு.”

“அவளுக்குக் கடல் பக்கத்தில இல்லாத கருவாடா?”

“என்ன கதை இது?” என்றாள் தாய். “குடுக்கிறது அவளிட்ட இல்லாததுக்கா?”

தக்ஷாயினி கருவாட்டைக் கொண்டு வந்தாள். வரும் வழி முழுக்க அது பையில் மணத்துக்கொண்டு வந்தது.

புதன்கிழமை பின்னேரம் நிலக்சி விடுதிக்கு வந்தாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. கட்டிலில் இருந்துகொண்டு கருவாட்டுப் பொட்டலத்தை மூக்கில் வைத்தாள்.

“மாமியின்ட கருவாடா? அப்பாவும் போடுறவர்தான், உப்பு அள்ளிக் கொட்டிடுவார். வாயில வைக்க ஏலா.”

“இன்னும் ரெண்டு நாள் நிண்டு வந்திருக்கலாமே.”

“நிக்க ஏலாதுகா. நானும் அப்பாவும் திரும்பச் சண்டை.”

“என்னத்துக்கு?”

“கிணத்துக்கு.” நிலக்சி சிரித்தாள். “பழைய வீட்டுக் கிணறு. அப்பா சொல்றார், அது வீட்டுக்கு வடக்கால இருந்தது எண்டு. நான் சொல்றன், கிழக்கால எண்டு. நான்தானே நெடுகத் தண்ணி அள்ளின. வெயில் கண்ணுக்க அடிக்கும் விடிய. அப்பா கேக்கிறாரில்ல. ஒரு படம் இருந்தாக் காட்டலாம். ஒண்டும் மிஞ்சல்லயே.”

தக்ஷாயினி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

“சுபாகரன் ஃபோன் எடுத்தவன்” என்றாள் நிலக்சி. “நாலுக்கு நாலாமே. என்ட கையெழுத்துக்குத்தான் பாத்துக்கொண்டிருக்காங்களாம். நான் ஒருநாளும் இப்படிப் பெரிய ஆளா இருந்ததில்லகா.”

“எதில வைக்கப்போறாய்?”

“யோசிக்கிறன்.”

அவள் யோசிக்கிறேன் என்று சொன்ன விதம் தக்ஷாயினிக்குப் பிடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு காட்டுகிறாள் என்று பட்டது. கேட்டால் தந்துவிடுவாள் என்று சுபாகரன் சொன்னதும் நினைவு வந்தது. கேட்கமாட்டேன். கேட்காமலே அவளை ஓஆர் பக்கம் தள்ள ஒரு வழி இருந்தது. நிலக்சி கடற்கரைக்கு வரமாட்டாள். வகுப்பே பாசிக்குடாவுக்குப் போன அன்று அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள்.

“இமேஜுக்கு என்ன செயற்றிட்டம் எண்டு கேள்விப்பட்டியா?”

“இல்லயே. சேர் சொல்லிட்டாரா?”

“அப்படித்தான் கதை.” தக்ஷாயினி கொடியில் கிடந்த துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். “சட்டலைட் படமாம். சுனாமிக்கு முன்ன எடுத்த படம் ஒண்டு, பிறகு எடுத்த படம் ஒண்டு. ரெண்டையும் வெச்சு என்ன போனது எண்டு கண்டுபிடிக்க வேணுமாம்.”

“எந்த இடம்?”

“நாவலடி.”

துவாயை மடித்து முடித்தாள். திரும்பிப் பார்த்தபோது நிலக்சி கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

வந்தவள் வாளியை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“முன்ன எடுத்த படமும் இருக்காமா?”

“ஓமாம்” என்றாள் தக்ஷாயினி. பாவம், பயந்துபோனாள் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வேலை முடிந்தது.

மறுநாள் காலை விரிவுரைக்குப் போகையில் பலகைக்கு முன்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். சுபாகரன் அவளைக் கண்டதும் இரண்டு கையையும் தலையில் வைத்தான்.

“ஓஆருக்குச் செத்தவீடு. எட்டாம்நாள் செலவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்திடுங்க.”

இமேஜ் தாளில் ஐந்தாவதாக நிலக்சியின் பெயர் இருந்தது. அழுத்தி எழுதியிருந்தாள்.

தேநீர்ச்சாலையில் நிலக்சி தனியாக இருந்தாள். தக்ஷாயினி போய் முன்னால் நின்றாள்.

“என்னத்துக்குகா இமேஜில வெச்ச?”

“நீதானே சொன்ன, முன்ன எடுத்த படம் இருக்கு எண்டு.” நிலக்சியின் முகத்தில் காய்ச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் கண் மினுங்கியது. “நான் வீட்டால வெளிக்கிடேக்க ஓஆர் எண்டுதான் நினைச்சு வந்தநான். நீ இருக்காய், விளங்காத இடத்தச் சொல்லித் தருவாய் எண்டு. நேத்து ‘யோசிக்கிறன்’ எண்டது சும்மா பகிடிக்கு. மறுகா நீ படத்தைச் சொன்ன உடன எனக்கு நித்திரை வரல்ல. அந்தப் படத்தில எங்கட வீடு இருக்கும்தானே? கிணறும் இருக்கும்தானே?”

தக்ஷாயினி எதிரே குந்தினாள். யாரோ வாங்கி வைத்திருந்த தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். அது ஆறியிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஐந்தாவது கையெழுத்து அவளுடைய தாளுக்கு வந்திருக்கும்.

இமேஜ் படிப்பித்தவர் அருமைநாயகம் சேர். ஒல்லியான மனிதர், கேள்வி கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். முதல் இரண்டு வாரமும் நிலக்சி ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று தக்ஷாயினி காத்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அறைக்குப் போவாள். அங்கே நிலக்சி தகப்பனோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருப்பாள்: “பொறுங்க அப்பா. படம் வரட்டும். வந்தாப் பிறகு ஆர் சரி எண்டு பாப்பம்.” தக்ஷாயினி கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

மூன்றாம் வாரம் நிலக்சி கையை உயர்த்தினாள்.

“சேர், அந்த நாவலடிப் படம் எப்ப தருவீங்க?”

“எந்த நாவலடிப் படம்?”

“செயற்றிட்டத்துக்கு. சுனாமிக்கு முன்ன எடுத்தது.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் அப்படி ஒரு செயற்றிட்டம் தாறதா ஆர் சொன்னது?”

நிலக்சி திரும்பித் தக்ஷாயினியைப் பார்த்தாள். தக்ஷாயினி மேசையில் யாரோ கவராயத்தால் கீறியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுபாகரன் இருமினான்.

“சரியாத் தெரியா சேர். கதையோட கதையாக் கேள்விப்பட்ட” என்றாள் நிலக்சி. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

“ம்.” சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். “நல்ல யோசனைதான். எனக்குத்தான் இவ்வளவு நாளும் வரல்ல. சுனாமி முடிஞ்ச கையோட ஆய்வுக்காரர் கொஞ்சப் பேர் வந்து ஒரு சீடி தந்திட்டுப் போனவங்க. முன்ன ஒண்டு, பிறகு ஒண்டு. அலுமாரிக்குள்ள கிடக்கும். பாப்பம், விருப்பமான ஆக்கள் எடுக்கலாம். ஆனா நீங்க...” அவர் நிலக்சியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

“எனக்கு விருப்பம் சேர்” என்றாள் நிலக்சி.

அன்று இரவு அறைக்குள் இருவரும் சாப்பிட இருந்தார்கள். நிலக்சி சோறு போட்டாள். தக்ஷாயினி தின்றாள். ஏன் பொய் சொன்ன என்று அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை, ஊறுகாய் வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

வைகாசி வந்தபோது செயற்றிட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த வாரம் தக்ஷாயினி வீட்டிலிருந்து திரும்பி வருகையில் செங்கலடிச் சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். பட்டாசுச் சத்தத்துக்குப் பழக்கதோசத்தில் இரண்டு பேர் ஆசனத்துக்குக் கீழே குனிந்தார்கள். பக்கத்தில் இருந்த மனிசி, “தின்னு புள்ள, கையில வெச்சுக்கொண்டு இருக்காத” என்றாள் மெதுவாக. தக்ஷாயினி தின்றாள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அந்த யுத்தம் நடந்த வன்னியில் நின்றான். அவனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அறைக்கு வந்தபோது நிலக்சி மடிகணினியின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சேர் தந்த சீடி பக்கத்தில் கிடந்தது.

“வா. கெதியா வா. நான் இன்னும் பெரிசாக்கிப் பாக்கல்ல. நீ வரட்டும் எண்டு வெச்சிருக்கன்.”

“என்னத்துக்கு நான்?”

“தனியப் பாக்க ஏலா.”

தக்ஷாயினி பையைத் தோளிலிருந்து இறக்காமலே பக்கத்தில் இருந்தாள். திரையில் வாவியும் கடலும், நடுவே நாக்குப் போல ஒரு மணல் துண்டு. நிலக்சி பெரிதாக்கினாள். கூரைகள் சாம்பல் கட்டங்களாக வந்தன. தென்னைகளின் நிழல் வெள்ளை மணலில் கறுப்புப் புள்ளிகளாகக் கிடந்தது.

“கோயில் இஞ்ச. அப்ப ஒழுங்கை இது. மாமாட வீடு... மற்றது...” அவள் விரல் திரைக்கு மேலே நடந்துபோய் நின்றது. “இதுதான்.”

பத்துப் பன்னிரண்டு கட்டம் அகலத்தில் ஒரு கூரை. அவ்வளவுதான். அதன் வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, வட்டமாக ஒரு கறுப்பு.

நிலக்சி ஃபோனை எடுத்தாள்.

“அப்பா, கிணறு கிழக்குப் பக்கம்.”

மறுபக்கத்தில் அவர் கேட்டது தக்ஷாயினிக்கும் கேட்டது. “ஆர் சொன்ன?”

“வானத்தில இருந்து எடுத்த படம் அப்பா. கண்ணால பாக்கிறன்.”

“வானத்தில நிண்டவனுக்கு வடக்குத் தெரியுமா, கிழக்குத் தெரியுமா? நான் வெட்டின கிணறு.”

நிலக்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு கட்டத்தில் சிரிப்பு வேறாக மாறிவிட்டது. ஃபோனில் அவர் “மகள், மகள்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தக்ஷாயினி ஃபோனை வாங்கி, “நான் பாத்துக்கொள்ளுறன் மாமா” என்று சொல்லி வைத்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவும்போதும் அவளுடைய கண் திரையில்தான் இருந்தது.

நிலக்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பொறு, உங்கட வீட்டையும் பாப்பம்.”

“வேணாம்.”

“படம் அங்கால மட்டும் போகுதுகா.” படத்தை இடப்பக்கம் இழுத்துக் கீழே கொண்டுபோனாள். வாவி வந்தது. மண்முனைத் துறை வந்தது. பாதை கூட ஒரு சிறு கீறாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளை. படுவான்கரை முழுக்க, மூலைவரைக்கும், ஒரே மேகம்.

“பிறகு எடுத்த படத்தில இருக்கும்” என்று நிலக்சி அதைத் திறந்தாள். அது வாவிக் கரையோடு வெட்டுப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் எடுக்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

“விடு” என்றாள் தக்ஷாயினி. “அது வேற பாரம்.”

நிலக்சிக்கு விளங்கவில்லை. தக்ஷாயினி எழுந்துபோய்ப் பையை இறக்கி வைத்தாள்.

சேரிடம் போய், மேகத்தை எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்லை பிள்ளை. மேகத்துக்குக் கீழ கமெரா பாக்கல்ல. பாக்காததை நாங்க உண்டாக்க ஏலா. வேணுமெண்டா எது மேகம், எது மேகத்தின்ட நிழல், எது நிலம் எண்டு பிரிச்சுக் காட்டலாம். அது லேசான கணக்கில்ல.”

“கணக்கு எனக்குச் செய்யலாம் சேர்.”

பகல் முழுக்கக் கூடத்தில் இருந்தாள். வரிசை வரிசையாகக் கொப்பியில் கணக்கெழுதிக் கொண்டுபோய், கணினி கிடைக்கிற அரைமணித்தியாலத்தில் அதைப் பரிசோதித்தாள். நாலு மணிக்குக் கூடம் பூட்டினதும் நிலக்சி மடிகணினியைத் தள்ளி வைத்து, “நீ செய், நான் பிறகு செய்யிறன்” என்பாள். தக்ஷாயினி வாங்கிக்கொள்வாள். நன்றி சொன்னதில்லை. மேகத்தின் ஓரத்தில் நிழல் விழும் கோணத்தை வைத்து அது எவ்வளவு உயரத்தில் நின்றது என்றுகூடக் கணக்கெடுத்தாள். அடியில் தன்னுடைய வீடு இருக்கும் வெள்ளையை ஒவ்வொரு புள்ளியாக அவள் அறிந்தாள்.

நிலக்சி பிறகு செய்யவில்லை. அவளுடைய வேலை முன்படத்திலிருந்து பின்படத்தைக் கழிப்பது. கழித்தால் மாறாத இடம் கறுப்பாகும். போன இடம் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். எல்லாம் எழுதி முடித்து, இயக்குகிற இடத்தில் வந்து நின்றுவிடுவாள். ஏன் நிற்கிறாள் என்று தக்ஷாயினிக்குத் தெரியும். துருவிக் கேட்டதில்லை. நாள் போகிறது என்று சொன்னதும் இல்லை. கடைசிநாள் காலையில் சுபாகரன்தான் வந்து அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனான். நிலக்சி திரையைப் பார்க்காமல் அச்செடுத்து, அரைகுறை அறிக்கையோடு கட்டிக் கொடுத்தாள்.

புரட்டாதியில் புள்ளிகள் பலகைக்கு வந்தன. படச் செயலாக்கத்தில் தக்ஷாயினிக்கு எண்பத்து நாலு, நிலக்சிக்கு அறுபத்தொன்று. மொத்தத்தில் தக்ஷாயினி முதலாவது. இனி ஒரு வருடம் கிடக்கிறது. ஆனால் இந்த இடைவெளியை இனிப் பிடிக்க முடியாது என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்வார்கள்.

“மச்சாள், இனி உன்ன ‘மிஸ்’ எண்டுதான் கூப்பிடவேணும் போல” என்றான் சுபாகரன். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

நிலக்சி பலகையை வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“சந்தோசம்கா” என்றாள்.

பலகைக்கு எதிரே, வேம்புக்குக் கீழே இருந்த மரவாங்கில் தக்ஷாயினி இருந்தாள். நிலக்சி நின்றாள். அவளுடைய வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் அதோடு சேரவில்லை. தக்ஷாயினிக்கு அந்த முகம் தெரியும். அது எந்த இடத்தில் தொடங்கும், கன்னத்தை எப்படி இழுத்துப் பிடிக்கும், எவ்வளவு நேரம் பிடிக்க ஏலும் என்று உள்ளே இருந்து பார்த்தவளுக்குத் தெரியும்.

“நான் அண்டைக்குச் சொன்னது பொய்” என்றாள். “படம் இருக்கு எண்டு எனக்குத் தெரியா. உன்னப் பயப்படுத்தி ஓஆருக்குத் தள்ளத்தான் சொன்ன.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“சேர் ஆர் சொன்ன எண்டு கேக்கேக்க நீ மேசையப் பாத்தாய்தானே. அண்டையில இருந்து.”

“பிறகு ஏன் ஒண்டும் கேக்கல்ல?”

“கேட்டா நீ ‘இல்ல’ எண்டு சொல்லியிருப்பாய். சண்டை சேர் காதுக்குப் போனா அந்தப் படமும் கிடைக்காமப் போயிடும் எண்டு பயம்.” நிலக்சி செருப்பால் மண்ணைக் கிளறினாள். “கணினியத் தந்ததும் நான்தான். தராம விட்டிருக்கலாம். இப்ப நினைக்கிறன், தராம விட்டிருக்கலாம் எண்டு. நீ சனிக்கிழமையில அம்மாட்டப் போறன் எண்டு பஸ் ஏறுவாய். இனி இந்த வேலையும் உனக்கு. எனக்குப் பொறாமையா இருக்குகா. நல்லாப் பொறாமையா இருக்கு.”

தக்ஷாயினி வாங்கில் ஒதுங்கி இடம் விட்டாள். நிலக்சி அதில் குந்தினாள். இருவருக்கும் நடுவில் ஒரு கொப்பி வைக்கிற அளவு இடம் இருந்தது.

“அது கொஞ்ச நாளைக்கு இருக்கும்” என்றாள் தக்ஷாயினி. “எனக்கு மூண்டு வருசம் இருந்தது.”

“இப்ப?”

தக்ஷாயினி பலகையைப் பார்த்தாள். தன்னுடைய பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தாள்.

“இப்பயும் இருக்கு” என்றாள். “அந்தப் படத்தில உன்ட வீடு தெரிஞ்சதுக்கு.”